யாருக்குத் தெரியக் கூடாது?

இணையத்தில் அடையாளம் காட்டாமல் உலவுவது பற்றி வந்த கேள்விகளுக்கு இந்த வாரம் பதில். எழுதியவர்களில் பாதிப் பேர் பெயர் போட வேண்டாம் என்று கேட்டிருந்தார்கள். நியாயம்தான். எல்லோருக்கும் ஊர் மட்டும் போட்டிருக்கிறோம்.

‘‘போனில் இன்காக்னிட்டோவில் தேடினால் யாருக்கும் தெரியாது என்கிறாள் தோழி. கூகுளுக்குமா தெரியாது?’’ – ஈரோடு

உங்கள் போனை வாங்கிப் பார்ப்பவருக்குத் தெரியாது. குரோம் பிரவுசரின் இன்காக்னிட்டோ முறைக்கு வேலை அவ்வளவுதான். ஜன்னலை மூடியதும் பார்த்த பக்கங்களின் பட்டியல், குக்கிகள் (உங்களை அடையாளம் வைத்துக்கொள்ளத் தளங்கள் போடும் சிறு குறிப்புகள்), படிவங்களில் தட்டியவை எல்லாம் அந்த போனிலிருந்து அழிந்துவிடும். ஜியோவோ ஏர்டெல்லோ, வீட்டு வைஃபை ரூட்டரோ, நீங்கள் போன இணையதளமோ பார்ப்பதை அது தடுக்காது.

கூகுள் விஷயத்துக்கு வருவோம். இன்காக்னிட்டோவில் இருந்தபடியே ஜிமெயிலில் நுழைந்தால், அதன்பின் தேடுவதெல்லாம் உங்கள் கணக்கின் ‘வெப் அண்ட் ஆப் ஆக்டிவிட்டி’யில் பதிவாகலாம். நுழையாவிட்டாலும், நீங்கள் போகும் தளங்களில் பதித்திருக்கும் கூகுளின் விளம்பர, கணக்கெடுப்பு நிரல்கள் வேலை செய்துகொண்டுதான் இருக்கும். இதை வைத்து 2020-ல் அமெரிக்காவில் கூகுள் மீது வழக்குப் போட்டார்கள். 2024-ல் சமரசம் ஆனது. கோடிக்கணக்கான பதிவுகளை அழிக்க கூகுள் ஒப்புக்கொண்டது. அதே ஆண்டு தொடக்கத்தில், இன்காக்னிட்டோ திறந்ததும் வரும் அறிவிப்பின் வாசகத்தையும் மாற்றியது.

பலரும் கோட்டை விடும் இடங்கள் மூன்று. இறக்கிய கோப்பு டவுன்லோட்ஸ் ஃபோல்டரில் அப்படியே கிடக்கும். சேமித்த புக்மார்க்கும் நிற்கும். இன்காக்னிட்டோ டேப்கள் எல்லாவற்றுக்கும் பொதுவாக ஒரே குக்கிப் பெட்டிதான். ஒரு டேப்பை மூடினால் போதாது, கடைசி டேப் மூடும்வரை லாகின் உயிரோடு இருக்கும். ஆண்ட்ராய்டில் மேலிருந்து இழுத்தால் ‘எல்லா இன்காக்னிட்டோ டேப்களையும் மூடு’ என்று ஓர் அறிவிப்பு வரும், அதைத் தட்டுவதே சுலபம். குரோம் செட்டிங்ஸில் ‘பிரைவசி அண்ட் செக்யூரிட்டி’க்குள் போனால், குரோமை விட்டு வெளியேறும்போது இன்காக்னிட்டோ டேப்களைக் கைரேகைப் பூட்டுப் போட்டு வைக்கும் வசதியும் உண்டு. போனை அடிக்கடி பிள்ளைகளிடம் கொடுப்பவர்களுக்கு அது உதவும்.

‘‘பிரவுசிங் சென்டரில் ஆதார் இறக்கி பிரின்ட் எடுக்கிறேன். இன்காக்னிட்டோ போட்டால் பாதுகாப்பா?’’ – மதுரை

இன்காக்னிட்டோ தன் பங்கைச் செய்யும். ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது: டவுன்லோட்ஸ் ஃபோல்டரில் தங்கிவிடும் பிடிஎஃப். இ-ஆதாரின் பாஸ்வேர்டு, பெயரின் முதல் நான்கு ஆங்கில எழுத்துகள் பெரிய எழுத்தில், பக்கத்தில் பிறந்த வருடம். உங்கள் பெயரும் வயதும் தெரிந்த யாரும் அரை நிமிடத்தில் திறந்துவிடுவார்கள். அதனால் பூட்டியிருக்கிறது என்று நம்பி விட்டு வராதீர்கள். தேவைக்கு மாஸ்க்டு ஆதார் போதும் என்றால் அதையே இறக்குங்கள். அதில் கடைசி நான்கு எண்கள் மட்டும்தான் தெரியும்.

கணினியில் கன்ட்ரோல், ஷிஃப்ட், என் மூன்றையும் ஒன்றாக அழுத்தினால் குரோமில் இன்காக்னிட்டோ ஜன்னல் திறக்கும். வேலை முடிந்ததும் கோப்பைத் தேர்ந்தெடுத்து ஷிஃப்டும் டெலீட்டும் சேர்த்து அழுத்துங்கள். வெறும் டெலீட் என்றால் ரீசைக்கிள் பின்னில் உட்கார்ந்திருக்கும். ‘வாட்ஸ்அப்பில் அனுப்புங்க, பிரின்ட் போட்டுத் தர்றேன்’ என்று கடைக்காரர் சொன்னால், அந்த நகல் அவர் போனில் எத்தனை நாள் இருக்கும் என்பது அவர் மனசைப் பொறுத்தது. அடுத்து வாட்ஸ்அப் வெப்: வீட்டுக்கு வந்ததும் போனில் ‘லிங்க்டு டிவைசஸ்’ திறந்து, அந்தக் கணினி பட்டியலில் இருந்தால் வெளியேற்றிவிடுங்கள்.

தட்டுவதையெல்லாம் பதிவு செய்யும் கீலாகர் அந்தக் கணினியில் இருந்தால் இன்காக்னிட்டோவும் உதவாது, உங்கள் இணையப் போக்குவரத்தை மூடி இன்னொரு நிறுவனத்தின் சர்வர் வழியாக அனுப்பும் விபிஎன்னும் உதவாது. நெட் பேங்கிங்கை அங்கே திறக்கவே வேண்டாம். 2011-ம் ஆண்டு சைபர் கஃபே விதிகளின்படி உங்கள் அடையாள அட்டையைப் பார்த்து, யார் எப்போது உட்கார்ந்தார் என்ற பதிவேட்டைக் குறைந்தது ஓராண்டு வைத்திருக்க வேண்டியது கடைக்காரரின் கடமை. ஆகவே பிரவுசிங் சென்டர் என்றால் முகம் தெரியாது என்ற நினைப்பும் வேண்டாம்.

‘‘கல்லூரி விடுதி வைஃபையில் விபிஎன் போட்டால் நிர்வாகத்துக்கு என்ன தெரியும்?’’ – திருச்சி

விபிஎன் இல்லாமல், போக்குவரத்தைப் பூட்டி அனுப்பும் எச்டிடிபிஎஸ் தளத்துக்குப் போனால், தளத்தின் பெயர் தெரியும். அதில் எந்தப் பக்கம், என்ன எழுதினீர்கள் என்பது தெரியாது. விபிஎன் போட்டால் தளத்தின் பெயரும் மறையும். ஆனால், இத்தனை மணி முதல் இத்தனை மணி வரை, இந்த லாகினில், ஒரு விபிஎன் சர்வருடன் இவ்வளவு எம்பி போய்வந்தது என்பது தெரியும்.

அது போதுமானதாக ஆன வழக்கு ஒன்று உண்டு. 2013 டிசம்பரில் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் தேர்வு நாளன்று வெடிகுண்டு மிரட்டல் மின்னஞ்சல் வந்தது. அனுப்பியவர், பல கணினிகளைத் தாண்டவிட்டு ஆளை மறைக்கும் டார் வலையமைப்பு வழியாக, ஒரு தற்காலிக மின்னஞ்சல் சேவையில் இருந்து அனுப்பியிருந்தார். மின்னஞ்சல் டாரிலிருந்து வந்தது என்பது தெரிந்ததும், அந்த நேரத்தில் வளாக வைஃபையில் டார் பயன்படுத்தியவர் யார் என்று பதிவுகளில் தேடினார்கள். ஒரு மாணவர் சிக்கினார்; கேட்டதும் ஒப்புக்கொண்டார். டாரை யாரும் உடைக்கவில்லை. கூட்டமில்லாத இடத்தில் முகமூடி போட்டு நின்றதுதான் காட்டிக்கொடுத்தது.

இன்னொன்றையும் பாருங்கள். வைஃபை தருவதற்கு முன் ஏதாவது ‘சர்டிஃபிகேட்’ நிறுவச் சொன்னார்களா? அது போனில் இருந்தால், எச்டிடிபிஎஸ் தளங்களுக்குள் நடப்பதையும் அவர்களால் பிரித்துப் படிக்க முடியும். ஆண்ட்ராய்டு செட்டிங்ஸில் ‘டிரஸ்டட் கிரெடென்ஷியல்ஸ்’ என்று தேடி, ‘யூசர்’ என்ற டேப்பைத் திறங்கள். காலியாக இருந்தால் நல்லது. அலுவலகம் கொடுத்த லேப்டாப்புக்கு இந்தச் சோதனையே தேவையில்லை. அது அவர்களுடைய கண் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

‘‘ப்ளே ஸ்டோரில் இலவச விபிஎன் குவிந்து கிடக்கிறது. காசு கொடுத்து ஏன் வாங்க வேண்டும்? இந்தியாவில் விபிஎன் சட்டப்படி சரிதானா?’’ – கோவை

உங்கள் போனிலிருந்து விபிஎன் நிறுவனத்தின் சர்வர் வரை போகும் வழியை மட்டும் விபிஎன் மூடி வைக்கிறது. உங்கள் இணைய நிறுவனம் இதுவரை பார்த்ததை இனி விபிஎன் நிறுவனம் பார்க்கும். நம்பிக்கை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாறுகிறது. அந்த இன்னொரு கை யாருடையது என்பதுதான் இலவசத்தின் விலை.

ஒனாவோ என்ற இலவச விபிஎன்னை 2013-ல் ஃபேஸ்புக் வாங்கியது. அதைப் போட்டவர்கள் வேறு என்னென்ன செயலிகளை எவ்வளவு பயன்படுத்துகிறார்கள் என்று அதன் வழியாகவே பார்த்துக்கொண்டிருந்தது. 2018-ல் ஆப்பிள் கடையிலிருந்து போனது, 2019-ல் மூடப்பட்டது. ஹோலா என்ற இன்னொரு இலவச விபிஎன்னின் கதை இன்னும் சுவாரஸ்யம். அதை இலவசமாகப் பயன்படுத்தியவர்களின் இணைப்பையே, பணம் கொடுத்தவர்கள் வெளியேறும் வாசலாக விற்றார்கள், 2015-ல் அம்பலமானது. வேறு யாரோ செய்யும் காரியம் உங்கள் ஐபி முகவரியில், அதாவது உங்கள் இணைப்பின் அடையாள எண்ணில், பதிவாகும் என்று அர்த்தம். 2024 மே மாதம் அமெரிக்க நீதித்துறை முடக்கிய ‘911 எஸ்5’ வலையமைப்பும் இதே ரகம்தான். மாஸ்க் விபிஎன், டியூ விபிஎன் போன்ற இலவசச் செயலிகள் வழியாக, உலகெங்கும் 1 கோடியே 90 லட்சம் ஐபி முகவரிகளை வளைத்து மோசடிக்காரர்களுக்கு வாடகைக்கு விட்டிருந்தார்கள்.

இலவசமே வேண்டும் என்றால், காசு கொடுக்கும் வாடிக்கையாளர்களை வைத்துப் பிழைக்கும் நிறுவனத்தின் இலவசத் திட்டத்தை எடுங்கள். சுவிட்சர்லாந்தின் புரோட்டான் அப்படிப்பட்டது: டேட்டா வரம்பு இல்லை, விளம்பரம் இல்லை, நாட்டைத் தேர்ந்தெடுக்க முடியாது, வேகம் கொஞ்சம் குறையும்.

காசு வாங்குகிறவர் எல்லாம் உத்தமர் என்றும் இல்லை. பதிவு வைப்பதில்லை என்று விளம்பரம் செய்த பியூர்விபிஎன் கொடுத்த இணைப்பு விவரங்கள், 2017-ல் அமெரிக்க எஃப்பிஐ ஒருவரைப் பிடிக்க உதவின. அந்த ஆள் ஒரு பெண்ணை இணையத்தில் விடாமல் துன்புறுத்தியவர், பிடிபட்டது நல்லதுதான். ஆனால் விளம்பரம் பொய் என்பதும் தெரிந்தது. மறுபக்கம், 2023 ஏப்ரலில் ஸ்வீடன் போலீஸ் முல்வாட் நிறுவனத்துக்குத் தேடுதல் உத்தரவோடு போய், எடுக்க எதுவும் இல்லாததால் வெறுங்கையோடு திரும்பியது. மின்னஞ்சல்கூடக் கேட்காமல் ஒரு கணக்கு எண் மட்டும் தரும் நிறுவனம் அது. மாதம் 5 யூரோ. ‘நோ லாக்’ என்ற வாசகத்தை விட இப்படிப்பட்ட சம்பவங்களை நம்புங்கள்.

சட்டம்: இந்தியாவில் விபிஎன் பயன்படுத்துவது பொதுவாகக் குற்றமல்ல. ஜம்மு காஷ்மீரில் மட்டும் சில மாவட்ட நிர்வாகங்கள் அவ்வப்போது தடை உத்தரவு போடுகின்றன. மத்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28 அன்று வெளியிட்ட உத்தரவின்படி, விபிஎன் நிறுவனங்கள் வாடிக்கையாளரின் பெயர், முகவரி, தொடர்பு எண், ஒதுக்கிய ஐபி முகவரி ஆகியவற்றை, கணக்கு முடிந்த பிறகும் 5 ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும். செப்டம்பர் 25 முதல் அது நடைமுறைக்கு வந்தது. அதற்குள் எக்ஸ்பிரஸ், நார்ட், சர்ஃப்ஷார்க் மூன்றும் இந்தியாவிலிருந்த சர்வர்களைக் கழற்றிக்கொண்டு போய்விட்டன. பட்டியலில் இன்றும் ‘இந்தியா’ தெரிந்தால், அது பெரும்பாலும் வெளிநாட்டில் இருந்துகொண்டு இந்திய முகவரி தரும் சர்வராக இருக்கும். அலுவலக ஊழியர்களுக்கான விபிஎன்னுக்கு இந்த விதி பொருந்தாது.

எது வாங்கினாலும் ஒழுகுகிறதா என்று பார்த்துவிடுங்கள். நம் ஊரில், குறிப்பாக ஜியோவில், இரண்டு வகை முகவரிகள் ஓடுகின்றன: புள்ளி வைத்த ஐபிவி4, முக்காற்புள்ளி வைத்த நீளமான ஐபிவி6. மட்டமான விபிஎன் முதலாவதை மட்டும் சுரங்கத்துக்குள் அனுப்பிவிட்டு, இரண்டாவதை வெளியே விட்டுவிடும். விபிஎன் போடும் முன் ஐபி காட்டும் ஒரு தளத்தில் இரண்டையும் குறித்துக்கொண்டு, போட்ட பிறகு மறுபடி பாருங்கள். பழைய நீள முகவரி அப்படியே வந்தால் அந்தச் செயலியைத் தூக்கிப் போடலாம். எந்தத் தளத்தைத் தேடுகிறீர்கள் என்பது வெளியே கசிகிறதா என்று பார்க்கும் ‘டிஎன்எஸ் லீக் டெஸ்ட்’ தளங்களில் உங்கள் இணைய நிறுவனத்தின் பெயர் வந்தாலும் அதே தீர்ப்பு.

அடுத்து, இணைப்பு அறுந்தால் என்ன ஆகும்? ஆண்ட்ராய்டு செட்டிங்ஸில் விபிஎன் பகுதிக்குப் போய், செயலியின் பக்கத்தில் உள்ள பல்சக்கரத்தைத் தட்டினால் இரண்டு சுவிட்சுகள் வரும்: ‘ஆல்வேஸ் ஆன்’, ‘விபிஎன் இல்லாத இணைப்புகளைத் தடு’. இரண்டையும் போடுங்கள். இதனால் ஒரு தொல்லை உண்டு: ரயில் நிலைய வைஃபையில் ஓடிபி கேட்கும் பக்கம் திறக்காது, அங்கே தற்காலிகமாக அணைக்க வேண்டியிருக்கும். போனில் விபிஎன் போட்டு, அதன் ஹாட்ஸ்பாட்டில் லேப்டாப்பை இணைத்தால் லேப்டாப்பும் மறைந்துவிட்டதாகப் பலர் நினைக்கிறார்கள். ஆண்ட்ராய்டில் ஹாட்ஸ்பாட் போக்குவரத்து சாதாரணமாக விபிஎன்னுக்குள் போகாது. லேப்டாப்புக்குத் தனியாகப் போட வேண்டும்.

‘‘விபிஎன் இருந்தால் வைரஸ் வராதுதானே?’’ – தஞ்சாவூர்

வரும்.

‘‘வாட்ஸ்அப்பில் வீட்டுக்குப் பேச விபிஎன் போடுகிறேன். இங்கே சிக்கல் வருமா?’’ – துபாய்

அமீரகத்தின் 2021-ம் ஆண்டு 34-ம் எண் சட்டம் 2022 ஜனவரியில் அமலுக்கு வந்தது. குற்றம் செய்யவோ, அது வெளியே தெரியாமல் மறைக்கவோ ஐபி முகவரியை மாற்றினால் சிறையோ, 5 லட்சம் முதல் 20 லட்சம் திர்ஹாம் வரை அபராதமோ, இரண்டுமோ உண்டு. விபிஎன் வைத்திருப்பது மட்டுமே குற்றம் என்று சட்டம் சொல்லவில்லை, அலுவலகங்கள் வைத்திருக்கின்றன. ஆனால் அங்கே அனுமதியில்லாத இணைய அழைப்பை விபிஎன் போட்டுத் திறப்பது அந்த வரிக்குள் வராது என்று நாங்கள் தைரியம் சொல்ல மாட்டோம். பாட்டிம் போல உரிமம் பெற்ற செயலியை ஊரில் அம்மா போனிலும் போட்டுக் கொடுத்துவிடுங்கள். வேலையும் விசாவும் பெரிது.

‘‘விபிஎன்னில் நெதர்லாந்து என்று காட்டுகிறது. ஆனாலும் விளம்பரம் எல்லாம் நாகர்கோவில் நகைக்கடை! எப்படி?’’ – நாகர்கோவில்

ஐபி முகவரி மாறியது, நீங்கள் மாறவில்லை. அதே கூகுள் கணக்கு, அதே குக்கிகள். செயலிகளுக்கு லொகேஷன் அனுமதி கொடுத்திருந்தால் ஜிபிஎஸ் நேராகவே சொல்லிவிடும். ஆண்ட்ராய்டில் ‘அட்வர்டைசிங் ஐடி’ என்று ஒன்று இருக்கிறது; செட்டிங்ஸில் ‘ஆட்ஸ்’ என்று தேடி, அதை டெலீட் செய்துவிடுங்கள். பாதித் தொல்லை குறையும்.

குக்கியே இல்லாமலும் அடையாளம் பிடிக்கலாம். திரையின் அளவு, நேர மண்டலம், மொழி வரிசை, கிராஃபிக்ஸ் சிப் ஒரு படத்தை வரையும் விதம், கணினியில் உள்ள எழுத்துருக்கள் எல்லாவற்றையும் சேர்த்தால் கைரேகை மாதிரி ஆகிவிடும். அமெரிக்காவின் எலக்ட்ரானிக் ஃப்ரான்டியர் ஃபவுண்டேஷன் 2010-ல் சுமார் 4 லட்சத்து 70 ஆயிரம் பிரவுசர்களைச் சோதித்தது. அவற்றில் 83.6 சதவீதம் ஒன்றைப் போல் ஒன்று இல்லை.

தமிழில் டைப் செய்கிறவர்கள் இதில் கொஞ்சம் கவனிக்க வேண்டும். டிடிபி வேலைக்காகக் கணினியில் பாமினி, வானவில் வகைப் பழைய எழுத்துருக்களை ஏற்றி வைத்திருக்கிறீர்களா? பிரவுசரின் மொழி வரிசையில் தமிழ் முதலில் இருக்கிறதா? நேர மண்டலம் கொல்கத்தா, ஐபி மட்டும் ஆம்ஸ்டர்டாம். அப்படி ஒரு கணினி நெதர்லாந்தில் எத்தனை இருக்கும்? மறைக்கப் போய் இன்னும் அரிதானவராக ஆகிவிடுகிறீர்கள். தனியுரிமைக்கென்று எக்ஸ்டென்ஷன்களை அடுக்கினாலும் இதே கதிதான். ஃபயர்ஃபாக்ஸில் கண்காணிப்புத் தடுப்பை ‘ஸ்ட்ரிக்ட்’ என்று வைத்து, விளம்பரங்களைத் தடுக்கும் யூபிளாக் ஆரிஜின் என்ற எக்ஸ்டென்ஷன் ஒன்றோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

‘‘ஊழல் ஆவணம் ஒன்றைப் பத்திரிகையாளருக்கு அனுப்ப வேண்டும். டார் பிரவுசர் போதுமா?’’ – சென்னை

வழியை மறைக்க டார்தான் சரியான கருவி. ஆவணத்தை அது மறைக்காது. இரண்டையும் தனித்தனியாகப் பார்ப்போம்.

டாரின் அடிப்படை யோசனை 1990-களில் அமெரிக்கக் கடற்படை ஆய்வகத்தில் பிறந்தது. 2006 முதல் டார் ப்ராஜெக்ட் என்ற லாப நோக்கமற்ற அமைப்பு நடத்துகிறது. உங்கள் போக்குவரத்து மூன்று கணினிகளைத் தாண்டிப் போகும். முதலாவதற்கு நீங்கள் யார் என்று தெரியும், எங்கே போகிறீர்கள் என்று தெரியாது. கடைசிக்கு எங்கே என்று தெரியும், யார் என்று தெரியாது. நடுவில் இருப்பதற்கு இரண்டும் தெரியாது. விபிஎன்னில் இரண்டும் ஒரே நிறுவனத்துக்குத் தெரியும் என்பதுதான் வித்தியாசம்.

ஓட்டை கடைசிக் கணினியில். 2007-ல் ஸ்வீடனைச் சேர்ந்த ஓர் ஆய்வாளர் ஐந்து டார் வெளிவாசல்களை நடத்தி, கடந்து போனதைப் பார்த்துக்கொண்டிருந்தார். இந்தியத் தூதரகங்கள் உட்பட, சுமார் 100 மின்னஞ்சல் கணக்குகளின் பாஸ்வேர்டுகள் கையில் விழுந்தன. அவர்கள் பூட்டில்லாத இணைப்பில் மின்னஞ்சல் திறந்ததுதான் காரணம். இன்றைய டார் பிரவுசர் முதலில் எச்டிடிபிஎஸ்ஸையே கேட்கிறது. எச்சரிக்கை வந்தால் தாண்டிப் போகாதீர்கள்.

டார் ப்ராஜெக்டின் சொந்தத் தளத்திலிருந்தோ ப்ளே ஸ்டோரிலிருந்தோ மட்டும் இறக்குங்கள். அலுவலகக் கணினி, அலுவலக வைஃபை கூடவே கூடாது. ஹார்வர்டு மாணவரை நினைத்துக்கொள்ளுங்கள். பாதுகாப்பு நிலையை ‘சேஃபஸ்ட்’ என்று வையுங்கள். சில தளங்கள் உடைந்து தெரியும், அது ஜாவாஸ்கிரிப்ட் நின்றதால். பக்கத்தைச் சுற்றிச் சாம்பல் நிறப் பட்டை தெரிந்தால் பழுது என்று நினைக்காதீர்கள். எல்லோருடைய திரையும் ஒரே சில அளவுகளில் தெரிவதற்காகச் செய்தது. எக்ஸ்டென்ஷன் எதுவும் சேர்க்காதீர்கள். சொந்தக் கணக்கு எதிலும் நுழையாதீர்கள். இறக்கிய பிடிஎஃப் அல்லது வேர்டு கோப்பை இணையம் இருக்கும்போது திறக்காதீர்கள். திறக்கும் மென்பொருள் டாருக்கு வெளியே போய் உங்கள் உண்மையான முகவரியைக் கொடுத்துவிடலாம்.

மின்னஞ்சல் என்றால் புதிதாக ஒன்றை டாருக்குள்ளேயே தொடங்கி, எப்போதும் டாரிலேயே திறங்கள். 2021-ல் சுவிஸ் அதிகாரிகளின் உத்தரவுக்குக் கட்டுப்பட்டு, பிரான்சின் போராட்டக்காரர் ஒருவரின் ஐபி முகவரியைப் பதிவு செய்து கொடுக்க வேண்டிய நிலை புரோட்டான் மெயிலுக்கு வந்தது. அவர் டாரில் வந்திருந்தால் அங்கே கிடைத்திருப்பது டாரின் முகவரிதான். டார் வழியாக ஆவணங்களைப் பெறும் செக்யூர்டிராப் என்ற அமைப்பைப் பத்திரிகை நிறுவனம் வைத்திருந்தால் மின்னஞ்சலை விட அதுவே மேல்.

இனி ஆவணம். போனில் எடுத்த படத்துக்குள் நேரம், போன் மாடல், சில சமயம் இடமும் இருக்கும். வேர்டு கோப்பில் எழுதியவர் பெயர் இருக்கும். கருப்புப் பட்டை வைத்து மறைத்த பிடிஎஃப்பில் பட்டைக்கு அடியில் எழுத்து அப்படியே இருக்கும், நகலெடுத்து ஒட்டினால் வந்துவிடும். எல்லாவற்றையும் விட முக்கியம்: அந்தக் கோப்பை அலுவலகத்தில் எத்தனை பேர் திறந்தார்கள்? மூன்றே பேர் என்றால், டார் உங்களைக் காப்பாற்றாது. அனுப்பும் முன் அந்த எண்ணிக்கையைப் பத்திரிகையாளரிடம் சொல்லுங்கள். படத்தை வெளியிடாமல் தகவலை மட்டும் எழுத அவருக்கு வழி தெரியும்.

‘‘2019-லும் 2022-லும் போல மறுபடியும் சமூக ஊடகங்களை முடக்கினால் என்ன செய்வது?’’ – யாழ்ப்பாணம்

முடக்கிய பிறகு விபிஎன் தேடினால், தரவிறக்கும் தளமே திறக்காமல் போகலாம். முன்கூட்டியே இரண்டு விபிஎன்களையும் டார் பிரவுசரையும் நிறுவி, ஒருமுறை இணைத்துப் பார்த்து வையுங்கள். டாரே தடைபட்டால் அதன் செட்டிங்ஸில், தடையைச் சுற்றிப் போகும் மாற்று வழிகள் உள்ள ‘பிரிட்ஜ்’ பகுதிக்குப் போய், அவற்றில் ஒன்றான ஸ்னோஃப்ளேக்கைத் தேர்ந்தெடுங்கள். வெளியிலிருந்து பார்க்க வீடியோ அழைப்பு போலத் தெரியும். முழு இணையத்தையே துண்டித்தால் இவற்றில் எதுவும் வேலை செய்யாது. முக்கியமானவர்களின் தொலைபேசி எண்களைத் தாளில் எழுதி வையுங்கள்.

‘‘மகளுக்குப் பெயர் தெரியாத கணக்கிலிருந்து ஆபாச மெசேஜ் வருகிறது. விபிஎன் போட்டிருப்பான், பிடிக்க முடியாது என்கிறார்கள்.’’ – வேலூர்

அப்படிச் சொன்னவர்களை நம்பாதீர்கள். அவன் விபிஎன் போட்டிருக்கலாம். ஆனால் கணக்குத் தொடங்கிய நாளிலும் போட்டிருந்தானா, கொடுத்த போன் எண் யாருடையது, மீட்பு மின்னஞ்சல் எது, ஒரு நாளாவது விபிஎன் அறுந்து நேராக லாகின் ஆனதா? இவற்றில் ஒன்றில் தவறினாலும் போதும். மொபைல் நிறுவனங்கள் இணைய இணைப்புப் பதிவுகளை இரண்டு ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும் என்பது 2021 டிசம்பர் முதல் உரிம நிபந்தனை. கணக்கை அழித்தாலும் அதன் பதிவுத் தகவலைச் சமூக ஊடக நிறுவனம் 180 நாள் வைத்திருக்க வேண்டும். நாள் தள்ளினால் இழப்பு உங்களுக்குத்தான்.

பிளாக் செய்யும் முன் செய்ய வேண்டியவை: ஸ்கிரீன்ஷாட்டில் தேதியும் நேரமும் தெரிய வேண்டும். அந்தக் கணக்கின் முழு இணைய முகவரியையும் நகலெடுத்து வையுங்கள். பெயரையும் படத்தையும் அவன் ஒரே நாளில் மாற்றிவிடலாம். சாட்டை அழிக்காதீர்கள். தேசிய சைபர் குற்றப் புகார் தளத்தில் பெண்கள், குழந்தைகள் பிரிவு தனியாக இருக்கிறது, அதில் பதிவு செய்யுங்கள். 1930 பணமோசடிக்கான எண். மிரட்டிப் பணம் பறித்திருந்தால் அதற்கும் உடனே கூப்பிடுங்கள். புகார் எண் கிடைத்ததும் மாவட்ட சைபர் கிரைம் காவல் நிலையத்துக்கு நேரில் போய், அந்தக் கணக்கின் பதிவுகளை அழியாமல் வைக்கச் சொல்லி நிறுவனத்துக்குக் கடிதம் அனுப்பினார்களா என்று கேளுங்கள்.